‘ஜோதி’ யாருடைய இசைத்தட்டு? பெங்களூர் லய மரபும் சாக்ஸபோன் பதிவுகளும்

ஜாஸும் கர்நாடக இசையும் சந்தித்த வரலாற்றை எழுதுவோர் சாக்ஸபோன் கலைஞரைத்தான் பெரும்பாலும் நடுவில் உட்கார வைக்கிறார்கள். அவர் தேடி வந்தார், கற்றார், கலந்தார் என்று கதை போகும். உடன் வாசித்த நம் வித்வான்கள் பின்வரிசைக்குப் போய்விடுகிறார்கள். 1983இல் ஜெர்மனியின் இ.சி.எம். நிறுவனம் வெளியிட்ட ‘ஜோதி’ என்னும் இசைத்தட்டுக்கும் இதுவே நேர்ந்தது. அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் சார்லி மரியானோவும் பெங்களூரின் கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷன் குழுவும் சேர்ந்து செய்த தட்டு அது. அட்டையில் மரியானோ பெயர் முதலில் இருப்பதால் பட்டியல்களிலும் அது அவர் தட்டாகவே நிற்கிறது. அதன் கட்டுமானத்தைக் கூர்ந்து கேட்டால் அது பெங்களூர் தந்த தட்டு என்பது விளங்கும். இதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. லண்டன் முன்னோடி

ஒப்பீட்டுக்கு லண்டனிலிருந்து தொடங்குவோம். ஜமைக்காவில் பிறந்து 1951இல் இங்கிலாந்தில் குடியேறிய ஜோ ஹாரியட், பிரிட்டனில் கட்டற்ற ஜாஸுக்கு வழி திறந்த ஆல்டோ சாக்ஸபோன் கலைஞர். 1960இல் பதிவான ‘ஃப்ரீ ஃபார்ம்’, அதைத் தொடர்ந்த ‘அப்ஸ்ட்ராக்ட்’ ஆகிய தட்டுகளில், முன்கூட்டியே வகுத்த சுரக்கூட்டு வரிசைக்கும் மாறாத தாளக்கட்டுக்கும் அவர் கட்டுப்படவில்லை. ஒருவர் வாசிப்பதைக் கேட்டு மற்றவர் அந்தக் கணத்திலேயே பதில் சொல்லுவதே அவ்விசையின் உயிர்.

அதே ஹாரியட் கல்கத்தாவில் பிறந்த இசையமைப்பாளர் ஜான் மேயருடன் சேர்ந்து 1966இல் ‘இண்டோ ஜாஸ் சூட்’, 1967லும் 1968லும் ‘இண்டோ ஜாஸ் ஃப்யூஷன்ஸ்’ தட்டுகளைத் தந்தார். சிதாரும் தபலாவும் ஒருபுறம், ஜாஸ் ஐவர் குழு மறுபுறம். இரண்டுக்கும் பாலமாக இருந்தது மேயர் எழுதிய இசைக்குறிப்பு. துணிச்சலான முயற்சிதான். ஆனால் ராகம் அங்கே பெரும்பாலும் சுர வரிசையாகவே நின்றது. எழுதிய பகுதி முடிந்ததும் ஜாஸ் கலைஞர் தம் மொழிக்கே திரும்பிவிடுகிறார். இரு இசைகளும் அடுத்தடுத்த வீடுகளில் குடியிருந்தன, அடுப்பு ஒன்றாகவில்லை.

2. பெங்களூர்க் கூடம்

கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷன் 1964இல் தொடங்கப்பட்டது. மிருதங்க வித்வான் டி.ஏ.எஸ். மணி அதை வழிநடத்தினார். அவருடைய துணைவியார், பாடகர் ஆர்.ஏ. ரமாமணி. கச்சேரி மேடையில் பக்கவாத்தியம் எனப்படுபவற்றை முன்வரிசைக்குக் கொண்டுவந்த நிறுவனம் இது. மணியின் மாணவரான ரமேஷ் ஷோத்தம் பின்னர் ஜெர்மனியில் தங்கி, ஐரோப்பிய ஜாஸ் மேடைகளுக்கு இந்த லயத்தை எடுத்துச் சென்றார்.

‘ஜோதி’யில் வாசித்தவர்கள் ஐவர். ரமாமணி குரலும் தம்புராவும், மணி மிருதங்கம், ஆர்.ஏ. ராஜகோபால் கடம், மோர்சிங், கொன்னக்கோல்; டி.என். சசிகுமார் கஞ்சிரா, கொன்னக்கோல். மரியானோ சாக்ஸபோனும் புல்லாங்குழலும். ஐவரில் நால்வர் பெங்களூர்க் குழுவினர். பியானோ இல்லை, பேஸ் இல்லை, ட்ரம் செட்டும் இல்லை. ஜாஸில் தரையாக விரியும் சுரக்கூட்டுக்குப் பதில் இங்கே தம்புராவின் சுருதிதான் தரை. உருப்படிகளை அமைத்தவர் ரமாமணி. தட்டு தொடங்குவதும் சாக்ஸபோனில் அன்று, ரமாமணியின் தனிக்குரலில். இத்தனை சான்றுகளையும் சேர்த்துப் பார்க்கையில், அட்டைப் பெயரின் வரிசை இசையின் வரிசையோடு பொருந்தவில்லை என்பது தெளிவு.

3. கணக்கும் சுதந்திரமும்

கணக்கு இருக்கும் இடத்தில் சுதந்திரம் ஏது என்று கட்டற்ற ஜாஸின் அன்பர் கேட்கலாம். நம் லய மரபிலிருந்து எளிய கோர்வை ஒன்றை எடுத்து விடை காண்போம். ஆதி தாளத்தின் ஓர் ஆவர்த்தம், எட்டு அட்சரம், அட்சரத்துக்கு நாலாக 32 மாத்திரை. ‘தா தி கி ண தொம்’ ஐந்து மாத்திரை. அதை மூன்று முறை சொல்லி, இடையில் இரண்டிரண்டு மாத்திரை கார்வை விட்டால் மொத்தம் 19. அது சமத்தில், அதாவது அடுத்த ஆவர்த்தத்தின் தொடக்கத்தில், வந்து விழ வேண்டுமானால் 13 மாத்திரை கழித்து, நாலாவது அட்சரத்தின் இரண்டாம் மாத்திரையில் எடுக்க வேண்டும். எடுக்கும் இடம் தாளத்தின் எந்தத் தட்டிலும் இல்லை. கேட்பவருக்கு நிலை தடுமாறும். ஆனால் முடியும் இடம் வாசிப்பவர் எல்லோருக்கும் தெரியும். எங்கே புறப்படுவது, எத்தனை கார்வை விடுவது, எந்தச் சொல்லை நிரப்புவது என்பதெல்லாம் அவரவர் மனோதர்மம். போய்ச் சேரும் இடம் பொதுவாக இருப்பதால்தான் வழியில் அத்தனை துணிச்சலும் கைகூடுகிறது. ஹாரியட் கட்டை அவிழ்த்துச் சுதந்திரம் தேடினார். பெங்களூர்க் குழு எல்லோரும் அறிந்த கட்டுக்குள்ளேயே அதைக் கண்டெடுத்தது.

4. ஒரு மறுப்பு

இது மரியானோவைக் குறைத்து மதிப்பிடுவதாகாதா? ஆகாது என்பேன். ஜாஸ் இசையமைப்பாளர் சார்லஸ் மிங்கஸின் 1963ஆம் ஆண்டுத் தட்டில் ஒலித்த புகழ்பெற்ற சாக்ஸபோன் அவருடையது. அத்தகையவர் நாகஸ்வரத்தை மாணவராக இருந்து கற்றார். ‘ஜோதி’யில் அவர் குரலைத் தொடர்கிறார், கச்சேரியில் பாடகருக்குப் பின் வில்லை ஓட்டும் வயலின் வித்வானைப்போல. பக்கவாத்தியமாக அமரச் சம்மதித்ததே அவர் பெருமை.

இதற்கு நேர் எதிர்த் திசையிலிருந்து வந்தவர் தென் கன்னட மாவட்டத்தில் 1949இல் பிறந்த கத்ரி கோபால்நாத். நாகஸ்வர வித்வானின் மகனான அவர், மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைக் கேட்டு மயங்கி, அதில் உதட்டாலும் மூச்சாலும் கமகத்தை வரவழைக்கப் பல ஆண்டுகள் உழைத்தார். 1994இல் ‘டூயட்’ படத்தின் வழி தமிழர் வீடுகளிலெல்லாம் அந்த நாதம் புகுந்தது. 2008இல் ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் ருத்ரேஷ் மகந்தப்பாவுடன் அவர் வாசித்த ‘கின்ஸ்மென்’ தட்டில் இரண்டு ஆல்டோ சாக்ஸபோன்கள் உறவுமுறை கொண்டாடுகின்றன. மரியானோ கருவியோடு நம் இசைக்குள் வந்தார். கோபால்நாத் நம் இசையைக் கருவிக்குள் ஏற்றினார். இரண்டிலும் இலக்கணம் கர்நாடக இசையினுடையதே.

முடிவாக

ஒரு பதிவு யாருடையது என்பதை அட்டையைப் பார்த்துத் தீர்மானிக்கக் கூடாது. சுருதி யாருடையது, தாளம் யாருடையது, உருப்படி யாருடையது என்று கேட்டுத் தீர்மானிக்க வேண்டும். அம்மூன்றுக்கும் ‘ஜோதி’ தரும் விடை பெங்களூர். நூலகங்களும் இசைக் கல்லூரிகளும் தம் பட்டியலில் அத்தட்டை ஆர்.ஏ. ரமாமணியின் பெயரிலும் பதிவு செய்ய வேண்டும். நாற்பது ஆண்டுகளாகக் கொடுக்காமல் விட்ட கடன் அது.