சியோல்: எந்த ஆண்டின் அரண்மனை?

தென் கொரியத் தலைநகர் சியோலுக்கு வரும் பயணிகளுள் பெரும்பாலோர் முதலில் காணச் செல்வது கியோங்போக்குங் அரண்மனையாகும். 1392-இல் ஜோசன் அரசமரபைத் தோற்றுவித்த யி சொங்-கியே, இரண்டு ஆண்டுகளில் தலைநகரை இங்கு மாற்றினார். வடக்கே மலையும் தெற்கே ஆறும் அமைந்த நிலமே ஆட்சிக்கு உகந்தது என்னும் மனையியல் நம்பிக்கையின்படி 1395-இல் அரண்மனையையும், மறு ஆண்டில் 18 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் நகர மதிலையும் எழுப்பினார். ஆனால், இன்று அரண்மனை வளாகத்தில் நிற்கும் மண்டபங்களுள் அவர் கட்டியது ஒன்றுகூட இல்லை. 1592-இல் ஜப்பானியப் படையெடுப்பின்போது எரிந்துபோன இவ்வரண்மனை ஏறத்தாழ 270 ஆண்டுகள் பாழ்பட்டுக் கிடந்தது. அக்காலத்தின் பெரும்பகுதியில் நாட்டின் தலைமை அரண்மனையாக விளங்கியது, 1997-இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட அண்டை அரண்மனையான சங்டோக்குங்கே ஆகும்.

பாழ்பட்ட அரண்மனையை 1865-இல் மீண்டும் எழுப்பத் தொடங்கியவர், சிறுவயது அரசர் கோஜொங்கின் தந்தையும் அவர் பெயரால் ஆட்சியை நடத்தியவருமான டேவொங்குன். கருவூலத்தில் பணம் இல்லாத நிலையில், வழக்கமான காசைப்போல் நூறு மடங்கு மதிப்புடையது என்று பொறிக்கப்பட்டதும், உலோக மதிப்பில் அதற்கு வெகு தொலைவில் நின்றதுமான புதிய நாணயத்தை 1866-இல் வெளியிட்டு அவர் செலவைச் சமாளிக்க, அரிசி விலை ஏறி மக்கள் அல்லலுற்றனர். அரியணை மண்டபமும், குளத்தின் நடுவே 48 கல்தூண்கள் தாங்கி நிற்கும் விருந்து மண்டபமும் அந்தத் திருப்பணியில் எழுந்தவை. பழமை என்று பயணி இங்கு வியப்பது, உண்மையில் நீராவிக் கப்பல்களின் காலத்தைச் சேர்ந்த பழமை.

அந்தப் பழமையும் நிலைக்கவில்லை. 1910-இல் கொரியாவை இணைத்துக்கொண்ட ஜப்பானிய அரசு, அரண்மனைக் கட்டடங்களுள் மிகப் பலவற்றை அகற்றியதோடு, அரியணை மண்டபத்தை நகரின் பார்வையிலிருந்து மறைக்கும் வகையில், அதற்கு நேர் முன்னே தலைமை ஆளுநரகத்தைக் கருங்கல்லில் எழுப்பி 1926-இல் முடித்தது. அரண்மனையின் தலைவாயிலான குவாங்வாமுன் அதற்கு இடையூறாக இருந்தது. அதை இடிப்பதை எதிர்த்து 1922-இல் எழுதியவர் யானகி முனேயோஷி என்னும் ஜப்பானியக் கலை அறிஞர் என்பது குறிப்பிடத்தக்கது. இறுதியில் வாயில் இடிபடாமல் அரண்மனையின் கிழக்குப் பக்கத்திற்குப் பெயர்க்கப்பட்டது. அங்கும் அதன் மேல்மாடம் கொரியப் போரில் எரிந்தது. 1968-இல் அதிபர் பார்க் சுங்-ஹீ வாயிலை முன்பக்கத்திற்கு மீட்டபோது, மரத்துக்கு மாற்றாகக் காங்கிரீட்டைப் பயன்படுத்தியதுடன், இன்னும் நின்றுகொண்டிருந்த ஆளுநரகத்திற்கு இணையாக அதை நிறுத்தியதால், அரண்மனையின் மூல அச்சிலிருந்து அது சில பாகை விலகியே நின்றது.

ஆளுநரகத்தை என்ன செய்வது என்ற வினா அதைவிடக் கடினமானது. 1948-இல் குடியரசு அறிவிக்கப்பட்டது அக்கட்டடத்தின் முன்னேதான். 1986 முதல் தேசிய அருங்காட்சியகம் இயங்கியதும் அதனுள்ளேதான். அடிமைத்தனத்தின் சான்றாக அது நிற்கட்டும் என்றோரும், அதன் நிழலில் அரண்மனை இருத்தல் தகாது என்றோரும் வாதிட்டனர். விடுதலையின் ஐம்பதாம் ஆண்டு நாளான 1995 ஆகஸ்ட் 15 அன்று கோபுர முடி அறுத்து இறக்கப்பட்டு, மறு ஆண்டில் இடிப்புப் பணி நிறைவுற்றது; அந்த முடி சொனான் நகரின் விடுதலை நினைவகத்தில், தரைமட்டத்திற்குக் கீழே, பார்வையாளர் குனிந்து நோக்கும்படி வைக்கப்பட்டுள்ளது. இடித்தது சரியா என்பதில் இன்றும் இரு கருத்துகள் இருக்கலாம். முடியை அங்கே வைத்த விதத்தில் பழி தீர்க்கும் நோக்கம் இருந்தது என்பதில் ஐயமில்லை.

இதன்பின், அரண்மனையை டேவொங்குன் காலத்து நிலைக்குக் கொண்டுவரும் திட்டத்தின்படி, குவாங்வாமுன் 2010-இல் மரத்தால், மூல அச்சிலேயே மீண்டும் எழுந்தது. அப்போது எழுந்த பூசல் பெயர்ப்பலகையைப் பற்றியது. 1968-இல் பார்க் தம் கையெழுத்தில், கொரியரின் சொந்த எழுத்தான ஹங்குலில் எழுதி மாட்டிய பலகை நீங்கி, வெண்தளத்தில் கருநிறச் சீன எழுத்துகளுடன் வந்த புதிய பலகை மூன்றே மாதங்களில் வெடிப்புக் கண்டது. பின்னர், பழைய நிழற்படம் ஒன்றும், ஜப்பானியப் பல்கலைக்கழக நூலகத்தில் கிடைத்த கட்டுமான நாட்குறிப்பும் அசல் பலகை கருந்தளத்தில் பொன்னெழுத்துகள் கொண்டது என்று காட்ட, 2023 அக்டோபரில் அவ்வாறே மாற்றப்பட்டது. ஹங்குலை உருவாக்கிய மன்னர் செஜொங்கின் சிலை எதிரே அமர்ந்திருக்க, வாயிலில் சீன எழுத்தா என்று கேட்போர் இன்னும் ஓயவில்லை.

நகர நடுவில் ஓடும் சொங்கேச்சொன் ஓடைக்கு இத்தகைய ஆவணத் தேடல் நடைபெறவில்லை. 1958 முதல் மூடப்பட்டுச் சாலையாகி, மேம்பாலமும் சுமந்த இவ்வோடையை, அன்றைய மேயர் லீ மியுங்-பாக் 2005-இல் 5.8 கிலோமீட்டர் நீளத்திற்குத் திறந்துவிட்டார். ஆண்டின் பெரும்பகுதி வறண்டிருந்த ஓடை என்பதால், இப்போது ஓடுவது பெரும்பாலும் ஹான் ஆற்றிலிருந்து மின்விசையால் ஏற்றப்படும் நீரே. மாலை நேரங்களில் மக்கள் கூட்டம் கரைகளில் நிறைவதைப் பார்த்தால், இந்தக் குறையை யாரும் பெரிதாக எண்ணியதாகத் தெரியவில்லை.

இவ்வோடையின்மேல் உள்ள குவாங்தொங்கியோ பாலம், 1410-இல் மன்னர் தேஜொங் தம் மாற்றாந்தாயின் கல்லறைக் கற்களைப் பெயர்த்தெடுத்துக் கட்டியது. அரியணைக்குத் தேஜொங்கை ஒதுக்கித் தம் சொந்த மகனை முன்னிறுத்திய அம்மாற்றாந்தாய்மீது மன்னர் கொண்ட பகையால், சிற்பங்கள் செதுக்கிய கற்கள் சில தலைகீழாகவே பதிக்கப்பட்டன. சாலைக்கடியில் புதைந்து கிடந்த பாலத்தை மீட்டோர் அக்கற்களைத் தலைகீழாகவே விட்டுவைத்தனர். பாலத்தை மட்டும், பழைய இடத்தில் வாகன நெரிசல் மிகுதி என்பதால், சற்று மேற்கே நகர்த்தி நிறுத்தினர்.