முப்பத்தாறு வயதில் வந்த பட்டம்

விடியுமுன் போடிமெட்டு ஏறும் ஜீப்பில் காய் எடுக்கப் போகிற நம் பெண்களிடம் படிப்பைப் பற்றிப் பேசினால், "வயசு போச்சு, இனிமே எங்கிட்டுப் படிக்க?" என்கிறார்கள். அவர்களுக்காக இந்த வரலாறு.

1891இல் பிறந்த அண்ணல் அம்பேத்கர் 1912இல் பி.ஏ. முடித்தார். பரோடா உதவித்தொகை முடிந்ததால் 1917இல் லண்டன் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பினார். சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராகச் சம்பாதித்த பணத்தோடும் கோலாப்பூர் சாகு மகராஜின் உதவியோடும் 1920இல் மீண்டும் போனார். டி.எஸ்சி. பட்டம் 1923இல், 32 வயதில் கிடைத்தது. கொலம்பியாவின் முனைவர் பட்டம் முறைப்படி வந்தது 1927இல். அப்போது அவருக்கு வயது 36.

1944இல் பட்டியல் சாதி மாணவர்களுக்கு மெட்ரிக்குக்குப் பிந்தைய உதவித்தொகை தொடங்கியபோது, வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் அவரும் இருந்தார். பணமில்லாமல் படிப்பு நிற்பது என்னவென்று அனுபவித்தவர் அவர்.

தோழர்களே, கூலிக்காகப் படிப்பை நிறுத்தியவரிடம் வயதைக் கேட்காதீர்கள். உதவித்தொகை ஏன் பிந்துகிறது என்று அரசைக் கேளுங்கள்.