சென் ஜோன்ஸிலிருந்து பேலியகொடைக்கு
வெள்ளவத்தையில காலமை நீங்க வாங்குற பாரை மீன், அநேகமா விடியும் முன்னமே பேலியகொடையில் கைமாறியிருக்கும். 2011 வரை இந்த மொத்த வியாபாரம் நடந்தது புறக்கோட்டை சென் ஜோன்ஸ் சந்தையில். பிறகு களனி ஆற்றுக்கு அந்தப் பக்கம் பெரிய கட்டடம் கட்டி மாற்றினார்கள். நெரிசலுக்கு அது நல்லதுதான். பெட்டி தூக்குற நாட்டாமிமாருக்கு? அன்றைய கூலி அன்றைக்கே என்ற பழைய முறை அங்கேயும் கூடவே போனது.

கடையில் வேலை செய்பவர்களுக்கென்று 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45, ஒன்றரை நாள் லீவு, கையில் நியமனக் கடிதம். கொட்டாஞ்சேனைக் கடைகளில் நிற்கும் மலையகப் பொடியன்களிடம் அந்தக் கடிதத்தைக் கேட்டுப் பாருங்கள். பலர் சிரிப்பார்கள்.

2020 ஒக்டோபரில் பேலியகொடை மீன் சந்தையில் கொரோனாக் கொத்தணி. சந்தையைப் பூட்டினார்கள், சனம் மீன் வாங்கவே பயந்தது. செய்தியில் தினமும் தொற்றாளர் எண்ணிக்கை வந்தது. பெட்டி தூக்கினவர், மீன் வெட்டினவர், சைக்கிளில் கொண்டுபோய் வித்தவர் எத்தனையோ பேர், நேற்றுவரை அங்கே வேலை செய்தேன் என்று காட்ட ஒரு துண்டுக் கடதாசியும் இல்லாமல் வீட்டில் இருந்தார்கள்.