கழிவு கொழித்த கதை

ஏ.சி. கூலிங் குறைந்தால் மெக்கானிக் வருவார். அங்கே தட்டி, இங்கே தொட்டு, 'கேஸ் இறங்கிப் போச்சு சார்' என்பார். ஒரு சிலிண்டரை எடுத்து வந்து நிரப்பிவிட்டுப் போவார். ரொம்ப வருஷம் அந்த சிலிண்டரில் இருந்தது பெரும்பாலும் ஆர்-22 என்கிற கேஸ். ஹெச்.சி.எஃப்.சி.-22 என்பது அதன் இன்னொரு பெயர். ஒட்டாத தோசைக்கல்லில் பூசுகிற டெஃப்லானுக்கும் அதுதான் மூலப்பொருள்.

நம்ம கதை அதைப் பற்றியதல்ல. அதைத் தயாரிக்கும்போது கூடவே பிறக்கிற ஒரு வேண்டாத குழந்தையைப் பற்றி. பெயர் ஹெச்.எஃப்.சி.-23. நூறு கிலோ ஆர்-22 செய்தால், ஆலையை எப்படி ஓட்டுகிறார்கள் என்பதைப் பொறுத்து ஒன்றரை முதல் நாலு கிலோ வரை இது வரும். விற்க வழியில்லை. குழாயைத் திறந்து காற்றில் விட்டுவிடுவார்கள். இந்தியாவிலும் சீனாவிலும் அதைத் தடுக்கச் சட்டம் எதுவும் அப்போது கிடையாது.

விஷவாயு அல்ல. மூக்கில் ஏறினால் தெரியக்கூடத் தெரியாது. ஆனால் பூமியைச் சூடாக்குவதில் மகா கில்லாடி. இதில் ஒரு கிலோ, கார்பன் டை ஆக்சைடில் 11,700 கிலோவுக்குச் சமம் என்று அன்றைக்குக் கணக்கு வைத்திருந்தார்கள். இந்த எண்ணைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஜப்பானில் உள்ள கியோட்டோ நகரத்துக்குப் போவோம். வருஷம் 1997. பணக்கார நாடுகள் தங்கள் புகையைக் குறைப்பதாகக் கையெழுத்துப் போட்டன. போட்டதும் கவலை வந்துவிட்டது. உள்ளூர் ஆலைகளை மாற்றியமைக்க எக்கச்சக்கமாகச் செலவாகுமே?

அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். புகைக்கு ஊர் பேர் கிடையாது. ஜெர்மனியில் ஒரு டன் குறைந்தாலும் குஜராத்தில் ஒரு டன் குறைந்தாலும் வானத்துக்கு ஒன்றுதான். எங்கே மலிவோ அங்கே குறைப்போம். ஏழை நாட்டில் ஒரு டன் குறைத்தால் ஒரு கிரெடிட். பணக்கார நாட்டுக் கம்பெனி அந்த கிரெடிட்டைக் காசு கொடுத்து வாங்கி, தன் கணக்கில் வரவு வைத்துக்கொள்ளலாம். சி.டி.எம். என்று சுருக்கமாகச் சொன்னார்கள். தூய்மை வளர்ச்சி இயக்கமுறை என்று தமிழில் சொன்னால் வாய் வலிக்கிறது, சி.டி.எம். என்றே வைத்துக்கொள்வோம். 2005-ல் கியோட்டோ ஒப்பந்தம் அமலுக்கு வந்தது. அதே வருஷம் ஐரோப்பாவும் தன் கார்பன் சந்தையைத் திறந்தது. வாங்க ஆள் ரெடி.

யோசனையில் தப்பே இல்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். காற்றாலையும் சாண எரிவாயுவும் இந்தப் பணத்தில் வளரும் என்று சொன்னார்கள். சிலது வளரவும் செய்தது. ஆனால், சி.டி.எம்.மில் முதல் எண் போட்டு அங்கீகரித்த கணக்கிடும் முறை எதற்கு தெரியுமா? காற்றாலைக்கு இல்லை. நம்ம வேண்டாத குழந்தையை எரிப்பதற்கு!

ஏன் என்று ஒரு கணக்குப் போட்டால் புரிந்துவிடும். நூறு டன் ஆர்-22 செய்கிறீர்கள். மூன்று டன் கழிவு வருகிறது. காற்றில் விடாமல் உலையில் போட்டு எரித்துவிடுகிறீர்கள். மூன்றை 11,700-ஆல் பெருக்குங்கள். 35,100 கிரெடிட். ஒன்று பத்து யூரோவுக்குப் போனால் 3,51,000 யூரோ. அன்றைய மதிப்பில் ஏறக்குறைய இரண்டு கோடி ரூபாய். எரிக்கிற செலவு இதில் ஒரு துளி.

உலகம் முழுக்கப் பத்தொன்பதே ஆலைகள் இந்தத் திட்டத்தில் சேர்ந்தன. சீனாவில்தான் அதிகம். இந்தியாவில் குஜராத், ராஜஸ்தான், நம்ம மேட்டூர் என்று சில இடங்களில். 2010 வாக்கில் பார்த்தால், அதுவரை சி.டி.எம். வழங்கிய மொத்த கிரெடிட்டில் பாதிக்கும் மேல் இந்தக் கையளவு ஆலைகளுக்கே போயிருந்தது. சீன அரசு விவரமாக, இந்த வருமானத்தில் 65 சதவீதத்தைத் தானே எடுத்துக்கொண்டது.

மைக்கேல் வாரா என்கிற அமெரிக்க ஆய்வாளர் 2007-ல் 'நேச்சர்' இதழில் இதைப் போட்டு உடைத்தார். 2012 வரை இந்த கிரெடிட்களுக்கு உலகம் கொடுக்கப்போவது 470 கோடி யூரோ. உலைகளைக் கட்டி எரிக்க ஆகும் உண்மையான செலவோ 10 கோடி யூரோவுக்கும் கீழே. இன்னொன்றும் சொன்னார். ஆலைக்காரருக்கு ஆர்-22 விற்று வருவதைவிட, கிரெடிட் விற்று வருவது ஏறக்குறைய இரண்டு மடங்கு.

நான் பி.காம். படித்தவன். காஸ்ட் அக்கவுண்டிங்கில் 'பை-ப்ராடக்ட்' என்று ஒரு பாடம் உண்டு. நெல் அரைத்தால் வருகிற தவிடு மாதிரி. எது பிரதானப் பொருள், எது உபரிப் பொருள் என்று எப்படிப் பிரிப்பது? மதிப்பை வைத்து. அதிக வருமானம் தருவது எதுவோ அதுதான் பிரதானம். அந்தப் பாடத்தின்படி பார்த்தால், 2007-ல் அந்த ஆலைகளின் பிரதானப் பொருள் கழிவு. ஏ.சி. கேஸ்தான் தவிடு!

தவிட்டுக்காக நெல் அரைக்க ஆரம்பித்தால் என்ன ஆகும்? சந்தேகம் எல்லாருக்கும் இருந்தது. பழைய ஆலைக்கு மட்டும்தான், இத்தனை சதவீதக் கழிவுக்கு மேல் கிரெடிட் கிடையாது என்று விதிகள் போட்டிருந்தார்கள். அப்படியும் 2010-ல் 'சி.டி.எம். வாட்ச்' என்ற அமைப்பு ஐ.நா.விடம் புகார் கொடுத்தது. சில ஆலைகளில், கிரெடிட் கிடைக்காத நாளில் கழிவு குறைகிறது, கிடைக்கிற நாளில் ஏறுகிறது என்று. ரஷ்யாவில் இதே போன்ற இன்னொரு திட்டத்தில் கழிவு முன்னெப்போதும் இல்லாத அளவுக்கு எகிறியதாக 2015-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது.

எனக்கு இதைவிடப் பெரிய விஷயமாகப் படுவது வேறு. 'சட்டப்படி செய்தே ஆகவேண்டிய வேலைக்கு கிரெடிட் கிடையாது' என்பது சி.டி.எம்.மின் அடிப்படை. அப்படியென்றால் 'கழிவைக் காற்றில் விடாதே' என்று ஓர் அரசு சட்டம் போட்டால் அந்த நாட்டுக்கு நஷ்டம். நல்ல சட்டம் போடாமல் இருப்பதற்குப் பரிசு! பணக்கார நாடுகளில் பல ஆலைகள் யாரும் கிரெடிட் கொடுக்காமலேயே அதே கழிவை எரித்துக்கொண்டிருந்தன என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

2013 மே மாதத்திலிருந்து இந்த கிரெடிட்டைச் சேர்க்கமாட்டோம் என்று ஐரோப்பா கதவைச் சாத்தியது. அதற்குள் சி.டி.எம். சந்தையே படுத்துவிட்டது. 2008-ல் இருபது யூரோ வரை போன கிரெடிட், ஒரு யூரோவுக்கும் கீழே வந்து நின்றது.

2016 அக்டோபரில் ருவாண்டாவின் கிகாலி நகரில் உலக நாடுகள் கூடின. அப்போது இந்திய அரசு ஓர் உத்தரவு போட்டது. ஆர்-22 செய்கிறவர்கள் கழிவைச் சொந்தச் செலவில் எரிக்கவேண்டும். காசு கீசு கேட்கக்கூடாது. அவ்வளவுதான், ஓர் உத்தரவு. 2005-லேயே போட்டிருக்கலாம்.

கதை அத்துடன் முடிந்திருக்கவேண்டும். உலைகள் ஓடுகின்றன, கழிவு ஏறக்குறைய 90 சதவீதம் குறைந்துவிட்டது என்று நாடுகள் கொடுத்த காகிதக் கணக்கு சொன்னது. காற்றையே பிடித்து அளக்கிற விஞ்ஞானிகள் 2020-ல் தங்கள் கணக்கை வெளியிட்டார்கள். 2018-ல் மட்டும் காற்றில் கலந்த ஹெச்.எஃப்.சி.-23 சுமார் 15,900 டன். அதுவரையிலான சரித்திரத்திலேயே எந்த வருஷத்திலும் இவ்வளவு இல்லை.