மெடிகெய்ட் பிறந்த கதை

பிள்ளை குட்டி இல்லாத, மிகக் குறைந்த கூலி வாங்கும் ஓர் அமெரிக்கத் தொழிலாளிக்கு லூசியானா மாநிலத்தில் அரசுச் செலவில் வைத்தியம் கிடைக்கும். அவரே சபீன் ஆற்றைத் தாண்டி டெக்சாசுக்குக் குடிபோனால் கிடைக்காது. ஒரே நாடு, ஏழைகளுக்கான ஒரே மெடிகெய்ட் மருத்துவத் திட்டம். கதவைத் திறப்பதும் சாத்துவதும் மாநிலத்தின் கையில்.

இதன் வேர் 1935-இல் இருக்கிறது. அந்த ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்ட வரைவில், ஏழை முதியோருக்குக் கண்ணியமாகவும் ஆரோக்கியமாகவும் வாழப் போதுமான தொகையை மாநிலங்கள் கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. தென்மாநிலத் தலைவர்கள் அதை நீக்கவைத்தார்கள்; தொகையை முடிவு செய்வது மாநிலங்களிடமே நின்றது. கறுப்பின மக்களுக்கு எவ்வளவு கொடுப்பது என்று வாஷிங்டன் தங்களுக்குச் சொல்வதை அவர்கள் விரும்பவில்லை. அன்று நீங்கிய அந்தச் சில சொற்களுக்கு ஏழைகள் இன்றும் விலை கொடுக்கிறார்கள் என்றே நான் நினைக்கிறேன்.

எல்லோருக்கும் மருத்துவக் காப்பீடு என்று அதிபர் ட்ரூமன் 1945-இல் கேட்டபோது அமெரிக்க மருத்துவச் சங்கம் முழு மூச்சுடன் எதிர்த்து வென்றது. 1960-இல் வந்த கெர்-மில்ஸ் சட்டம் சிறு விட்டுக்கொடுப்புத்தான்: ஏழை முதியோரின் வைத்தியத்துக்கு மாநிலம் செலவிட்டால் மத்திய அரசும் பங்கு தரும். விளைவு, கையில் காசிருந்த நியூயார்க், கலிபோர்னியா போன்ற சில மாநிலங்களே பணத்தில் பெரும்பகுதியைப் பெற்றன. ஏழைகள் நிறைந்த தெற்கு பின்தங்கியது.

1964 தேர்தலில் அதிபர் லிண்டன் ஜான்சன் பெருவெற்றி பெற்றதும் நிலைமை மாறியது. முதியோரின் மருத்துவமனைச் செலவுக்குக் காப்பீடு வேண்டும் என்றது அரசு. டாக்டர் கட்டணத்தையும் உள்ளடக்கிய விருப்பக் காப்பீடு போதும் என்றது குடியரசுக் கட்சி. கெர்-மில்ஸை விரிவாக்கலாம் என்றது மருத்துவச் சங்கம். பிரதிநிதிகள் சபையின் வரிக்குழுத் தலைவர், ஆர்கன்சாவைச் சேர்ந்த வில்பர் மில்ஸ், 1965 மார்ச்சில் மூன்றையும் ஒரே மசோதாவாக்கினார். முதல் இரண்டும் மெடிகேர் ஆயின. நாடு முழுவதும் ஒரே விதி. மூன்றாவதுதான் மெடிகெய்ட். ஜூலை 30 அன்று ஜான்சன் கையெழுத்திட்டபோது நாடு கொண்டாடியது மெடிகேரை.

மெடிகெய்டில் சேர்வதும் வருமான வரம்பை வகுப்பதும் மாநிலத்தின் விருப்பம். சேர்ந்தால் செலவில் குறைந்தது பாதியை மத்திய அரசு தரும். ஏழை மாநிலத்துக்குப் பங்கு இன்னும் கூடும். அப்படியும் அரிசோனா 1982-இல்தான் சேர்ந்தது. மறுபக்கம், நியூயார்க் 1966-இல் வருமான வரம்பைத் தாராளமாக உயர்த்தியதும், அடுத்த ஆண்டே அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அந்த வரம்புக்குக் கடிவாளம் போட்டது.

இந்த ஏற்றத்தாழ்வைத் தீர்க்கவே 2010-இல் அதிபர் ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டம், வறுமைக்கோட்டின் 138 சதவீதம் வரை வருமானமுள்ள, 65 வயதுக்குட்பட்ட கிட்டத்தட்ட எல்லோருக்கும் மெடிகெய்ட் என்றது. மாநிலங்களை அப்படிக் கட்டாயப்படுத்த முடியாது என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விரிவாக்கச் செலவை முதல் மூன்றாண்டுகள் முழுதாகவும், பின்னர் படிப்படியாகக் குறைத்து 90 சதவீதமாகவும் மத்திய அரசு ஏற்கும் என்றிருந்தும், 2024 முடிவில் 10 மாநிலங்கள் அந்த விரிவாக்கத்தை ஏற்கவில்லை. மக்கள்தொகை மிகுந்த டெக்சாசும் புளோரிடாவும் அவற்றில் உண்டு.

முதியோருக்கு ஒரே விதி வகுக்க முடிந்த வாஷிங்டனால் ஏழைகளுக்கும் வகுக்க முடியும். வருமான வரம்பை நிர்ணயிக்கும் அதிகாரத்தை அது மாநிலங்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும்.