டயர் எண் மாறினால் எல்லாம் மாறும்

கேமரன் மலையின் வடகோடியில் இருக்கும் கம்போங் ராஜா என்றதும் பலருக்குத் தேயிலையும் முட்டைக்கோஸும் நினைவுக்கு வரும். அங்கே போய்வந்தவர்களுக்கு மூன்றாவதாக ஒன்றும் நினைவில் நிற்கும். அதுதான் பழைய லேண்ட் ரோவர். மற்ற நாடுகளில் துடைத்து மெருகேற்றிக் கண்காட்சியில் நிறுத்தப்படும் வண்டி, இங்கே இன்னமும் காய்கறிக் கூடைகளைச் சுமந்துகொண்டு செம்மண் பாதையில் ஏறி இறங்குகிறது.

இந்த வண்டிகளைக் கூர்ந்து பார்த்தால் ஒன்று தெரியும். ஒரே மாதிரியான இரண்டு வண்டிகளின் காலில் இரண்டு விதமான டயர்கள் இருக்கும். ஒன்று ஒல்லி, இன்னொன்று தடிப்பு. சில வண்டிகளில் முன்னால் ஒன்று, பின்னால் வேறொன்று. கிடைத்ததைப் போட்டார்கள், வண்டி ஓடுகிறது, அவ்வளவுதானே என்று தோன்றலாம்.

தலைநகரில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களுக்கும் இதே சிக்கல் உண்டு. காருக்கு ஐம்பது அறுபது வயது. அதற்கு விதிக்கப்பட்ட அளவில் டயர் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் விலை அதிகம். வேறு அளவு போடலாமா? அகலமாகப் போட்டால் அழகாகவும் இருக்குமே! ஒருவருக்கு வண்டி வயிற்றுப்பாடு, மற்றவருக்குப் பொழுதுபோக்கு. ஆனால் இருவரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான். அதற்கு விடை சொல்ல டயரின் வரலாற்றைச் சற்றுப் புரட்டிப் பார்க்க வேண்டும்.

1888: இரண்டு நிகழ்வுகள்

காற்றடைத்த டயருக்கு 1845ஆம் ஆண்டிலேயே ராபர்ட் தாம்சன் என்பவர் காப்புரிமை பெற்றுவிட்டார். ஆனால் அன்று அதைக் கேட்பாரில்லை. 1888இல் பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், தம் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காக மீண்டும் அதை உருவாக்கினார். இம்முறை உலகம் கவனித்தது.

அதே 1888ஆம் ஆண்டில்தான் ஹென்றி ரிட்லி சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் பொறுப்பை ஏற்றார். மரத்தைச் சாகடிக்காமல் பால் வடிக்கும் முறையை வகுத்து, ரப்பர் பயிரிடுமாறு தோட்டக்காரர்களை ஓயாமல் வற்புறுத்தியவர் அவர். ஒரு பக்கம் டயருக்குத் தேவை பெருகியது, மறு பக்கம் மலாயாவில் ரப்பர் காடுகள் எழுந்தன. அந்த மரங்களைச் சீவ தமிழ்நாட்டிலிருந்து கப்பல் கப்பலாக ஆட்கள் கொண்டுவரப்பட்டனர். டன்லப் நிறுவனமே மலாயாவில் பெரும் ரப்பர் தோட்டங்களை வைத்திருந்தது. உலகம் உருண்டோடிய டயரில் தமிழர் உழைப்பு கலந்திருக்கிறது என்பது வெறும் மேடைப் பேச்சன்று.

டயர் பெருகியபோது அளவும் தேவைப்பட்டது. அங்குலத்தில் இரண்டு எண்கள் எழுதினார்கள். 6.00-16 என்றால் டயரின் அகலம் ஏறக்குறைய 6 அங்குலம், அது பொருந்தும் ரிம்மின் விட்டம் 16 அங்குலம். உயரம் எவ்வளவு என்று எழுதவில்லை. எழுத வேண்டிய தேவையும் இல்லை. அக்கால டயர்களில் அகலம் எவ்வளவோ கிட்டத்தட்ட அவ்வளவே பக்கச்சுவரின் உயரமும்.

மலையேறிய லேண்ட் ரோவர்

1948ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள் ஆம்ஸ்டர்டாம் மோட்டார் கண்காட்சியில் லேண்ட் ரோவர் அறிமுகமானது. அதே ஆண்டு ஜூன் மாதத்தில் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 1960 வரை நீடித்த அந்தக் காலத்தில் படையினரும் போலீசாரும் காட்டுப் பாதைகளில் லேண்ட் ரோவரைப் பயன்படுத்தினார்கள். இந்த மண்ணுக்கு ஏற்ற வண்டி என்று பெயர் வாங்கியது.

கேமரன் மலைக்குத் தாப்பாவிலிருந்து சாலை வந்தது 1930களின் தொடக்கத்தில். அதற்குச் சற்று முன்னர், 1929இல், ரஸ்ஸல் என்பவர் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியிருந்தார். பின்னர் தேயிலையோடு காய்கறியும் பெருகியது. சரிவில் இருக்கும் காய்கறித் தோட்டத்திலிருந்து சரக்கைத் தார்ச்சாலைக்குக் கொண்டுவர நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி வேண்டும். லேண்ட் ரோவர் அங்கே நிலைத்துவிட்டதற்குக் காரணம் இதுதான்.

தொடக்கக் கால லேண்ட் ரோவருக்கு விதிக்கப்பட்ட டயர் 6.00-16. பின்னர் வந்த 109 அங்குல நீள வண்டிக்கு 7.50-16. இரண்டுக்கும் ரிம் விட்டம் 16 அங்குலம்தான். ஆகவே பெரிய வண்டியின் டயரைச் சின்ன வண்டியில் மாட்டுவது எளிது. நிறுவனமே குட்டை வண்டிக்குச் சில பெரிய அளவுகளை அனுமதித்தது. ஆனால் மாட்ட முடிகிறது என்பதாலேயே வேறெதுவும் மாறாது என்று நினைத்துவிடக் கூடாது.

பெரிய டயர் என்ன செய்யும்?

6.00-16 டயரின் முழு விட்டம் ஏறக்குறைய 720 மில்லிமீட்டர். 7.50-16 டயருக்கு ஏறக்குறைய 800. வித்தியாசம் 11 விழுக்காடு. பார்வைக்கு இது சிறியதாகத் தெரியலாம். ஆனால் விளைவுகளை எண்ணிப் பாருங்கள்.

முதலாவது, வேகமானி பொய் சொல்லும். அது சக்கரத்தின் சுற்றை எண்ணியே வேகத்தைக் காட்டுகிறது. பெரிய சக்கரம் ஒரு சுற்றில் அதிக தூரம் போகும். மீட்டர் 50 என்று காட்டும்போது வண்டி 55இல் போய்க்கொண்டிருக்கும்.

இரண்டாவது, எல்லாக் கியரும் 11 விழுக்காடு நீண்டுவிடும். ஏற்றத்தில் இழுவை குறையும். இறக்கத்தில் அதைவிட மோசம். மலையிறங்கும்போது தாழ்ந்த கியரில் இன்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்துமல்லவா? அந்தப் பிடியும் குறைந்துபோகும். வேலை முழுவதும் பிரேக்கின் தலையில் விழும்.

மூன்றாவது அந்தப் பிரேக்கே. குட்டை லேண்ட் ரோவரின் பிரேக் டிரம் 10 அங்குலம். 7.50-16 டயர் போட்டு வந்த நீள வண்டிக்கு 11 அங்குல டிரம். பொறியாளர்கள் காரணமில்லாமல் அதைப் பெரிதாக்கவில்லை. சக்கரம் பெரிதானால் அதே மிதிக்குச் சாலையில் கிடைக்கும் தடுப்பு விசை குறையும். பெரிய டயர் கூடுதல் சுமையைத் தாங்கும் என்று நம்பிக் கூடைகளையும் கூட்டி ஏற்றினால்? சுமை கூடி, பிரேக் குறைந்து, இறக்கம் மட்டும் அப்படியே இருக்கும்!

இன்னும் ஒன்று உண்டு. பழைய லேண்ட் ரோவரில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே டிஃபரென்ஷியல் கிடையாது. நான்கு சக்கர இழுவையைப் போட்டால் இரண்டு அச்சும் ஒரே வேகத்தில்தான் சுற்ற வேண்டும். முன்னால் ஒல்லி டயர், பின்னால் தடிப்பு டயர் என்றால் இரண்டும் வேறு வேறு தூரம் ஓட முயலும். சேற்றில் சக்கரம் வழுக்கிச் சமாளித்துவிடும். தார்ச்சாலையில் சமாளிக்க இடமில்லை. முறுக்கம் ஏறி ஏறி, கடைசியில் ஹாஃப் ஷாஃப்ட் எனும் அச்சுத் தண்டு முறியும். வண்டி பழசு, அதான் உடைஞ்சது என்பார்கள். உண்மையில் உடைத்தது டயர்.

ரேடியல் கொண்டுவந்த மாற்றம்

1946இல் பிரான்சின் மிஷெலின் நிறுவனம் ரேடியல் டயருக்குக் காப்புரிமை கோரியது. அதுவரை இருந்த கிராஸ் பிளை டயரில் நூலடுக்குகள் ஒன்றையொன்று குறுக்காக வெட்டிச் செல்லும். ரேடியலில் நூல்கள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேராகச் செல்லும். அதன்மேல் எஃகுப் பட்டை சுற்றியிருக்கும். பக்கச்சுவர் வளைந்து கொடுக்கும், மேற்பரப்போ சாலையில் பதிந்து நிற்கும்.

ரேடியலுக்குச் செயற்கை ரப்பரைவிட இயற்கை ரப்பர் அதிகம் தேவைப்பட்டது. செயற்கை ரப்பரின் போட்டியில் திணறிக்கொண்டிருந்த பால் மரத்துக்கு அது புத்துயிர் தந்தது. ஆனால் மலேசியத் தோட்டங்கள் அதற்குள் செம்பனைக்கு மாறத் தொடங்கியிருந்தன. ஷா ஆலமில் 1972 முதல் டயர் செய்துவந்த குட்இயர் தொழிற்சாலையும் 2024இல் மூடப்பட்டது.

ரேடியலும் கிராஸ் பிளையும் வளைவில் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. ஒரே அச்சில் இரண்டையும் கலப்பது கூடவே கூடாது. முன்னால் ரேடியல், பின்னால் கிராஸ் பிளை என்றால் வளைவில் பின்பக்கம் முதலில் பிடி விடும். ஈரமான மலைவளைவில் வண்டி சுழல இது ஒன்றே போதும்.

அனாதையான ஸ்போர்ட்ஸ் கார்கள்

1961இல் வந்த ஜாகுவார் இ-டைப் 6.40-15 கிராஸ் பிளை டயரில் வந்தது. 1962இல் வந்த எம்.ஜி.பி. காருக்கு 5.60-14. இன்றைய கண்ணுக்கு இவை மெலிந்த டயர்கள். ஆனால் அந்தக் காலத்தில் அவையே வேகத்தின் அடையாளம். சில ஆண்டுகளில் ரேடியல் வந்து, அங்குல அகலம் மில்லிமீட்டர் ஆனது. 1970களின் நடுவில் பிரெல்லி நிறுவனம் பந்தயக் கார்களுக்காக உருவாக்கிய பி7 டயர், அகலமாகவும் தட்டையாகவும் வந்து எல்லோர் மனத்தையும் கவர்ந்தது. அதன்பின் தட்டை டயரே நாகரிகமானது. பழைய உயரமான அளவுகள் கடைகளிலிருந்து மெல்ல மறைந்தன.

இதில் விசித்திரமான கதை மிஷெலின் டி.ஆர்.எக்ஸ். டயருடையது. 1975இல் வந்த இதன் ரிம்மை அங்குலத்தில் அல்லாமல் மில்லிமீட்டரில் அளந்தார்கள். 390 மில்லிமீட்டர் என்றால் 15 அங்குலத்துக்கும் சற்று மேல். விளிம்பின் வடிவமும் வேறு. ஃபெராரி, பி.எம்.டபிள்யூ. போன்ற கார்களில் வந்தது. வழக்கம் பரவவில்லை. 15 அங்குல டயரை அந்த ரிம்மில் அடித்து ஏற்ற முனைவது ஆபத்து. ஆகவே உரிமையாளருக்கு இரண்டே வழி. அதே டயரைத் தேடி அதிக விலை கொடுக்க வேண்டும், அல்லது ரிம்மையே மாற்ற வேண்டும்.

கணக்குப் போட்டு மாற்றலாம்

அப்படியானால் வேறு அளவு போடவே கூடாதா? போடலாம். ஆனால் கண்ணை நம்பாமல் கணக்கை நம்ப வேண்டும்.

எடுத்துக்காட்டாக, 165 அகலமும் 14 அங்குல ரிம்மும் உள்ள பழைய ரேடியல் டயர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். தனியாக விகிதம் எழுதாத இத்தகைய டயரில் பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் ஏறக்குறைய 80 விழுக்காடு, அதாவது 132 மில்லிமீட்டர். மேலும் கீழும் சேர்த்து 264. ரிம் 14 அங்குலம், அது 356 மில்லிமீட்டர். மொத்த விட்டம் 620.

இனி 195/60, 15 அங்குல ரிம். பக்கச்சுவர் 117, இரண்டு பக்கமும் 234. ரிம் 381. மொத்தம் 615. பழைய அளவுக்கு மிக அருகில் இருக்கிறது. ரிம் மாற்றச் செலவை மிச்சப்படுத்த 195/60 டயரை 14 அங்குல ரிம்மிலேயே போட்டால் மொத்தம் 590. ஏறக்குறைய 5 விழுக்காடு குறைவு. இன்ஜின் வீணாக அதிகம் சுற்றும், காரின் வயிறு தரையை நெருங்கும்.

விட்டம் சரியாக வந்தாலும் அகலம் வேறு கதை. வளைவில் டயர் மட்கார்டை உரசலாம். பவர் ஸ்டீயரிங் இல்லாத காரில் கைப்பிடி கனக்கும். கம்பிச் சக்கரம் என்றால் டியூப் கட்டாயம், ஏனெனில் கம்பிகள் நுழையும் துளைகள் வழியே காற்று இறங்கிவிடும். அகலமான டயரின் கூடுதல் பிடி, அதற்காகச் செய்யப்படாத கம்பிகளையும் பேரிங்குகளையும் இழுத்துத் தளர்த்தும்.

படிக்க வேண்டிய எழுத்துகள்

டயரின் பக்கத்தில் அச்சாகியிருப்பது அலங்காரமன்று. அளவுக்குப் பின்னால் வரும் எண் எவ்வளவு சுமை தாங்கும் என்பதைச் சொல்கிறது. அடுத்துள்ள எழுத்து வேகத்தைச் சொல்கிறது. எஸ் என்றால் மணிக்கு 180 கிலோமீட்டர், எச் என்றால் 210. மாற்று டயரின் சுமையும் வேகமும் நிறுவனம் விதித்ததற்குக் குறையக் கூடாது.

இன்னொரு நான்கு இலக்க எண்ணும் உண்டு. 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். ஸ்போர்ட்ஸ் கார் மாதத்துக்கு ஒரு முறை வெளியே வரும், டயரின் கோடுகள் தேயாமல் புதிதுபோல் இருக்கும். உள்ளே ரப்பர் இறுகிப்போயிருக்கும். காய்கறி வண்டியில் நேர்மாறு. வயதாகும் முன்னே தேய்ந்துவிடும். ஒருவர் வயதைப் பார்க்க வேண்டும், மற்றவர் ஆழத்தைப் பார்க்க வேண்டும்.

2000களின் தொடக்கத்தில் சிம்பாங் பூலாய் சாலை திறந்தபின் கம்போங் ராஜாவுக்கு ஈப்போ அருகிலாகிவிட்டது. சாலை அகலம், வேகமும் அதிகம். தோட்டத்துச் சேற்றுக்காகப் பொருத்திய டயரோடு, நாற்பது ஐம்பது வயதான வண்டி, சுற்றுலாப் பேருந்துகளோடும் புதிய கார்களோடும் அதே சாலையைப் பகிர்ந்துகொள்கிறது. முன்பு டயர் தவறினால் தோட்டத்துச் சரிவோடு போயிற்று. இப்போது எதிரே ஒரு குடும்பம் வந்துகொண்டிருக்கலாம்.

வண்டியை வடிவமைத்தவர் டயரை ஒரு தனிப் பொருளாக நினைக்கவில்லை. பிரேக், கியர், ஸ்டீயரிங், அச்சு ஆகிய அனைத்தையும் அந்த ஓர் எண்ணை வைத்தே அளந்தார். எண்ணை மாற்றுபவர் மற்ற அளவுகளையும் கையிலெடுக்க வேண்டும். முடியவில்லை என்றால், கொஞ்சம் அலைந்தாலும் பழைய எண்ணையே தேடிப் பிடிப்பது நல்லது. டயர் விலையைப் பேரம் பேசலாம். மலை இறக்கத்திடம் பேரம் பேச முடியாது.