ஏட்டில் ஏறிய முறையீடுகள்

ஜவ்வாது மலையடிவாரத்துக் கண்ணமங்கலத்தின் வழியே செல்லும்போதெல்லாம் 2015 ஏப்ரல் 7ஆம் நாள் நம் நினைவுக்கு வருகிறது. அன்று சேஷாசலக் காட்டில் ஆந்திரப் போலீசார் சுட்டதில் 20 தமிழ்த் தொழிலாளர்கள் மாண்டனர். அவர்களுள் பலர் இத்திருவண்ணாமலை மாவட்டத்தினர். செம்மரம் வெட்ட வந்தவர்கள் தாக்கியதால் சுட்டதாகப் போலீசார் கூறினர். தப்பி வந்தோரோ, வழியிலேயே பிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்கள்தாம் பிணமாயினர் என்று தேசிய மனித உரிமை ஆணையத்தின்முன் சொன்னார்கள். கணவனை இழந்த ஒரு பெண்ணின் புகார் கொலை வழக்காகப் பதிவானதும் உயர் நீதிமன்றம் தலையிட்ட பின்னர்தான்.

புகாரை ஏட்டில் ஏற்றுவதே பெரும்பாடு என்பது இம்மண்ணுக்குப் புதிதன்று. 1816ஆம் ஆண்டு விதிப்படி, வரி தண்டும் தாசில்தாரே தாலுகாவின் காவல் தலைவர். கிட்டியில் விரல்களை நெரித்தவரிடமே குடியானவன் யாரிடம் முறையிடுவது என்று கேட்கவேண்டிய நிலை! 1855இல் எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் மூவரும் அமர்ந்த சித்திரவதை விசாரணைக் கமிஷனுக்கு 1,959 புகார்கள் வந்தன. நேரில் வந்தோர் சிலரே. கடிதம் எழுதியோரே மிகுதி. கொடுமை உண்மையென ஒப்புக்கொண்ட கமிஷன், பழியைச் சுதேசி ஊழியர்மீது சுமத்தி, வெள்ளை அதிகாரிகளைப் பெரும்பாலும் விடுவித்துவிட்டது. இது நமக்கு ஏற்புடையதாகத் தோன்றவில்லை. ஆயினும் 1859ஆம் ஆண்டின் 24ஆம் சட்டம் காவலை வரித்துறையினின்று பிரித்தது. போலீஸ் அதிகாரியிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலம் குற்றவாளிக்கெதிரே செல்லாது என்ற விதியும் 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தில் இடம்பெற்றது. பெயரறியாத அந்தக் குடியானவர்களின் கடிதங்களுக்கும் அதில் பங்குண்டு.